விண்ணப்பம் போடாத கரண்ட்

போன வாரம் கலைச்செல்வி போன் செய்தார். ஒரு காலத்தில் மின்வாரியத்தில் என்னிடம் உதவிப் பொறியாளராக இருந்தவர். இன்று கள்ளக்குறிச்சியில் நான் கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் மேலான நாற்காலியில் இருக்கிறார்.

"சார், தனியார்கிட்ட கரண்ட் வாங்குற விதியெல்லாம் மாத்தப் போறாங்க. வரைவு வந்திருக்கு. யாரு வேணா கருத்து எழுதலாமாம். சேகோ கேஸ் உங்களுக்குத்தான் முழுசா தெரியும். வூட்ல சும்மாதான இருக்கீங்க, எழுதுங்க சார்" என்றார்.

சும்மா இருப்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் வரைவை வாங்கி அச்செடுத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க சுவாரசியமாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் ஆலைகள் மட்டும்தான் எங்களுக்குக் கரண்ட் விற்க முடியும். இனி மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் நாலு சோலார் பலகை போட்டவரும் விற்கலாம். யார் விண்ணப்பிக்கலாம், மீட்டர் எங்கே இருக்க வேண்டும், வாரியம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். "சர்வீஸ்ல இருந்தப்ப இவ்ளோ படிச்சிருந்தா சீஃப் இன்ஜினீயர் ஆயிருப்பீங்க" என்று என் மனைவி காபியை வைத்துவிட்டுப் போனாள்.

நான் அந்த வரைவில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் ஆவல்தான். அது என்ன என்று புரிய வேண்டுமானால் சேகோ கேஸைச் சொல்லியாக வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் மழைக்காலத்தில் மரம் சாய்ந்த இடமெல்லாம் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். கரண்டும் மலை பஸ் மாதிரி, கீழேயிருந்துதான் மேலே வரும். சப்ஸ்டேஷனில் நிறுத்திவிட்டால் அதற்கு அப்பால் கம்பி முழுவதும் செத்துவிடும். இதை யாரும் பாடமாக நடத்தவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதை யார் உட்கார்ந்து நடத்துகிறார்கள்?

அப்படி ஆயுசு முழுக்கக் கரண்ட் விற்றுக்கொண்டிருந்த எங்களிடம், இனி வாங்கவும் வேண்டும் என்றார்கள். கரும்பு ஆலைகள் சக்கையை எரித்து எடுக்கும் கரண்டை வாங்கி ஓரளவு பழக்கம்தான். ஆனால் அவர்களுக்குத் தனி லைன், தனிப் பாதுகாப்புக் கருவிகள். ஊர்களுக்கு நடுவே போகிற சாதாரண லைனிலேயே சின்ன உற்பத்தியாளர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிறகு விதி தளர்ந்தபோது, எங்கள் கோட்டத்தில் முதல் விண்ணப்பம் லோகாம்பாள் அம்மாவிடமிருந்து வந்தது.

மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு சேகோ ஃபேக்டரி இருந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலை. அதன் கழிவுநீர்க் குட்டை இருக்கும் பக்கம் யாரும் மூக்கைத் திறந்துகொண்டு போக முடியாது. அந்தக் குட்டையின் மேல் கெட்டியான ரப்பர் விரிப்பைப் போட்டு மூடி, அடியில் சேரும் வாயுவைக் குழாயில் பிடித்து, என்ஜின் ஓட்டினார்.

"நாத்தத்தப் புடிச்சிக் கரண்ட் ஆக்கிட்டேன் சார்" என்றார், விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தபடி. "எனக்கு வேண்டியது போக மிச்சம் நிக்கிது. சும்மா கொளுத்திவுட மனசு வரல. நீங்க எட்த்துக்கங்க."

எங்கள் செயற்பொறியாளர் தாமோதரன் சார் அந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடாமல், ஜீப்பை எடுக்கச் சொன்னார். அவர் குணமே அதுதான். அலுவலகத்தில் உட்கார்ந்து எதையும் முடிவு செய்ய மாட்டார். சட்டைப் பையில் வறுத்த வேர்க்கடலை இருக்கும். ஒவ்வொன்றாக உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேள்வி கேட்பார். யாராவது "சரியாத்தான் இருக்கும் சார்" என்றால் உரிப்பதை நிறுத்திவிட்டு, "இருக்குமா? போய்ப் பாத்தீங்களா?" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் வெயிலில் அலைந்தோம்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு நடைமுறையை எழுதினால், அதைச் செய்யப்போகிற ஆளைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டுவார். பிறகு "இப்ப நீ சொல்லு" என்பார். அந்த ஆள் தன் பேச்சில் திருப்பிச் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறானோ, அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். எங்கள் பொறியியல் தமிழ் எத்தனை முறை அப்படி அடிவாங்கியிருக்கிறது என்று எண்ணி மாளாது.

சேகோவுக்கான நடைமுறை அப்படித்தான் உருவானது. பிரச்சினை இதுதான். லைனில் வேலை என்றால் சப்ஸ்டேஷனில் கரண்டை நிறுத்தி 'லைன் கிளியர்' கொடுப்பார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் ஆள் கம்பம் ஏறுவான். இப்போது கம்பியின் அடுத்த முனையில் ஒரு என்ஜின் ஓடுகிறது. சப்ஸ்டேஷனில் நிறுத்தியதும் தானாக லைனைவிட்டு விலகிக்கொள்ளும் கருவி அதில் இருக்கிறது. கருவியை நான் சோதித்திருந்தேன். ஆனால் ஃபோர்மேன் கோவிந்தனுக்கு அது போதவில்லை.

"சப்ஸ்டேஷன்ல குந்திக்கினு இருக்கிறவன் நம்ம ஆளு சார். அவன் சொன்னா ஏறுவோம். அங்க கம்பெனியில இருக்கிறவன் யாரு எவுருன்னே தெரியாது. அவன் மிஷின நம்பி எப்பிடி சார் கைய வெக்கிறது?"

"வெக்க வேணாம்" என்றார் தாமோதரன் சார். "மிஷினையும் நம்பாத, ஆளையும் நம்பாத. கண்ணால பாக்குறத நம்பு."

கண்ணால் பார்ப்பதற்காகக் கம்பத்தின் மேல் ஒரு சுவிட்ச் வைத்தோம். கைப்பிடியை இழுத்தால், கம்பிகளை இணைக்கும் மூன்று கத்திகளும் வாய் பிளந்து நிற்பது கீழிருந்தே தெரியும். அதை ஃபேக்டரி காம்பவுண்டுக்குள் வைக்கலாம் என்று லோகாம்பாள் அம்மா சொன்னார். தாமோதரன் சார் ரோட்டோரமாக, சுவருக்கு வெளியேதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். லைன்மேன் கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் கெஞ்சக் கூடாது என்பது அவர் எண்ணம். சுவிட்சைத் திறந்து, பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் லைன்மேன் வேலைக்குப் போக வேண்டும் என்று எழுதினார். கோவிந்தன் அதைத் தடுமாறாமல் திருப்பிச் சொன்னார். அன்றுதான் தாமோதரன் சார் ஜீப் பானெட்டின் மேல் வைத்து அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு பருவம் முழுக்க ஒழுங்காக ஓடியது. நாற்றத்திலிருந்து வந்த கரண்ட் எங்கள் கம்பியில் ஓடுகிறது என்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

பிறகு ஒரு முகூர்த்த நாளில், நண்பகல் நேரத்தில், ஏழுமலைக்கு ஷாக் அடித்தது.

ஏழுமலை எங்கள் செக்‌ஷனில் நல்ல லைன்மேன். கம்பத்தில் இரண்டு பக்கக் கம்பிகளையும் சேர்க்கும் சின்னத் துண்டுக் கம்பி, நாங்கள் ஜம்பர் என்போம், அது கருகிப்போயிருந்தது. மாற்றப் போனான். லைன் கிளியர் வாங்கினான். சேகோ சுவிட்சைத் திறந்து பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். எர்த் ராடை, அதாவது தப்பித்தவறிக் கரண்ட் வந்தால் தரைக்கு இழுத்துவிடும் கொக்கிக் கம்பை, கம்பியில் மாட்டினான். மேலே ஏறிக் கருகிய ஜம்பரை வெட்டி எடுத்துவிட்டு, மறுபக்கக் கம்பியைப் பிடித்தான். தூக்கி எறிந்தது. இடுப்புக் கயிறு மட்டும் பிடிக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வலது கை வெந்துபோனது.

நான் போய்ச் சேர்ந்தபோது சேகோ சுவிட்ச் பூட்டியபடியே இருந்தது. கத்திகள் பிளந்தே நின்றன. ஆஸ்பத்திரியில் ஏழுமலையின் சட்டைப் பையில் சாவி இருந்தது.

ஆனாலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. சப்ஸ்டேஷன் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த லைனில் கரண்ட் தயாரிக்கிற ஒரே இடம் சேகோ. வேறு எங்கிருந்து வரும்? கோவிந்தனும் ஆட்களும் அந்த லைனில் இனி யாரும் ஏற மாட்டோம் என்றார்கள். மேலிடத்திலிருந்து போன் வந்தது. சின்ன உற்பத்தியாளர்களைச் சேர்த்ததே தப்பு, சேகோவின் அனுமதியை ரத்து செய்யக் குறிப்பு அனுப்புங்கள் என்றார்கள். லோகாம்பாள் அம்மா என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"அந்தப் புள்ளைக்கு அடிபட்டதுல எனக்கும் சோறு எறங்கல சார். ஆனா அன்னிக்கு என் என்ஜினு நின்னுக்கினு இருந்துது. ஆயில் மாத்திக்கினு இருந்தாங்க. சொன்னா யாரு நம்புறீங்க?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. குறிப்பை எழுதக் காகிதத்தை எடுத்தேன். தாமோதரன் சார் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"சேகோ மேல போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றார். "லைன திரும்ப போட்டுடலாம், ஆளுங்களும் ஏறுவாங்க. ஆனா அடிச்சது அது இல்லன்னா? அடிச்சது எதுவோ அது இன்னும் அந்தக் கம்பியிலதான் இருக்கு. அடுத்து ஏறப்போறது யாரு?"

காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் சேகோவைச் சோதித்தோம், கோவிந்தனையும் ஆட்களையும் வைத்துக்கொண்டே. சப்ஸ்டேஷனை நிறுத்தி, சுவிட்சைத் திறந்து பூட்டி, உள்ளே என்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டோம். கம்பியில் கரண்ட் இருந்தால் கத்துகிற சோதனைக் கம்பைக் கோவிந்தன் கையிலேயே கொடுத்தார் தாமோதரன் சார். கோவிந்தன் ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்தார். கம்பு வாயைத் திறக்கவில்லை.

"இது இல்ல. அப்ப எது?" என்றார் சார்.

"இதுவேதான் இருக்கும் சார்" என்றார் கோவிந்தன், அரைமனதாக.

"இருக்குமா?"

கோவிந்தன் கம்பைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை நானும் கோவிந்தனும், ஏழுமலைக்கு அடிபட்ட கம்பத்திலிருந்து சேகோ வரைக்கும் லைன் ஓரமாகவே நடந்தோம். பிடிவாதம் பாதி, ஆவல் பாதி. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் நின்று, அதன் கீழே இருக்கிற வீடுகளில், அன்று கரண்ட் போயிருந்தபோது எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டோம். எல்லோரும் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் எதைப் பார்ப்பது? ஒருவர் தன் மோட்டாருக்கு எப்போது மும்முனை வரும் என்று எங்களையே பிடித்துக்கொண்டார். மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு ஓட்டு வீட்டில், குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னார்: "அன்னிக்கா? கரண்ட் இல்ல. ஆனா ஃபேனு ஒரு சுத்து சுத்திட்டு நின்னுச்சி. புள்ள முழிச்சிக்கிச்சி. கரண்ட்டு வந்துட்டுப் போவுதுன்னு நெனச்சேன்."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் அந்த ஃபேனுக்குக் கரண்ட் வர வழியே இல்லை. அந்த வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இன்னொரு சர்வீஸ் கம்பி ரோட்டைத் தாண்டிப் போயிற்று. அது போய்ச் சேர்ந்த இடம் ஒரு கல்யாண மண்டபம்.

மண்டபத்து மேனேஜர் எங்களை நல்லபடியாக உட்கார வைத்தார். "முகூர்த்தத்தன்னிக்கா? அத ஏன் கேக்குறீங்க. தாலி கட்டி முடிஞ்சி பந்தி ஆரம்பிக்கப் போறப்ப கரண்ட் பூடுச்சி. கிரைண்டர் நின்னு சமையக்காரரு கத்துறாரு. ஜெனரேட்டரப் போட்டா, ஒரு உறுமு உறுமிட்டு நின்னுடுச்சி. மெக்கானிக் வந்து பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லன்னான். நல்ல ஜெனரேட்டர் சார், அன்னிக்கு மட்டும் ஏன் மக்கர் பண்ணுச்சின்னு தெரியல."

சுவர்ப் பலகையைத் திறந்து காட்டச் சொன்னேன். வாரியக் கரண்டும் ஜெனரேட்டரும் ஒருசேர வராமல் தடுக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் எரிந்துபோய், அதைக் கழற்றி எறிந்திருந்தார்கள். ஜெனரேட்டர் வயரை நேராகப் பலகையில் கட்டியிருந்தார்கள். "மெயின ஆஃப் பண்ணிட்டு ஜெனரேட்டரப் போடுவோம் சார், அவ்ளோதான்" என்றார் மேனேஜர். அன்று பந்தி அவசரத்தில் யாரும் மெயினை ஆஃப் பண்ணவில்லை.

டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று கிடையாது. மேலிருந்து வந்தால் குறைத்துக் கீழே அனுப்பும். கீழிருந்து வந்தால் பெருக்கி மேலே அனுப்பும். மண்டபத்து ஜெனரேட்டர் ஊர்ச் சுமை முழுவதையும் ஒரு நொடி இழுத்துப் பார்த்து, மூச்சு முட்டி நின்றுவிட்டது. அந்த ஒரு நொடியில்தான் ஏழுமலை கம்பியைப் பிடித்திருந்தான்.

எர்த் ராடு? அது சப்ஸ்டேஷன் பக்கம் மாட்டியிருந்தது. புத்தகத்தில் இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும் என்றுதான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் காலங்காலமாக ஒரு பக்கம்தான் மாட்டுவார்கள். செக்‌ஷனுக்கு ஒரே ஒரு செட் ராடு கொடுத்தபோது வாரியமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கரண்ட் வருகிற பக்கத்தை அடைத்துவிட்டால் போதாதா? ஜம்பரை வெட்டியதும் அடுத்த பக்கம் அநாதையாகிவிட்டது. சேகோ பக்கம் பூட்டு இருக்கிறதே என்கிற தைரியம் வேறு.

தாமோதரன் சார் அதையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சப்ஸ்டேஷனை நிறுத்தி, சேகோவைப் பூட்டி, ஜம்பரைக் கழற்றி, ஊரில் ஒருவர்கூட கம்பத்தின் அருகே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போடச் சொன்னோம். கோவிந்தன் தூரத்திலிருந்து சோதனைக் கம்பை நீட்டிப் பிடித்திருந்தார். கம்பு ஒரு தடவை கத்தியது. உடனே அடங்கிவிட்டது. கோவிந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து, "எத்தினி முகூர்த்தத்துல எத்தினி கம்பத்துல ஏறி எறங்கியிருப்பேன்" என்றார்.

லோகாம்பாள் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எனக்கு பூட்டு, சாவி, மீட்டர், டெஸ்ட்டு, போட்டோ, எல்லாம் கேட்டீங்க. ரோட்டுல சுவிட்ச்சு வெச்சீங்க. அவுருக்கு ஒண்ணுமே இல்லியா?"

"அவரு விக்கலியேம்மா. விக்கிறவங்களுக்குத்தான் விதி."

"விக்கிறவ சாவடிப்பான்னு சட்டம் போட்டீங்க. விக்காதவன் சாவடிச்சா இன்னா சார் பண்ணுவீங்க?"

தாமோதரன் சாரிடம் அதை அப்படியே சொன்னேன். சேகோ அனுமதி நீடிக்கலாம் என்று எழுதிவிட்டு, அதே குறிப்பில் இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தார். எல்லா செக்‌ஷனுக்கும் இன்னொரு செட் எர்த் ராடு வேண்டும், அதுவரை ஜம்பர் வேலையே கூடாது என்பது ஒன்று. விற்றாலும் விற்காவிட்டாலும், ஜெனரேட்டரோ சோலாரோ வைத்திருக்கிற ஒவ்வொரு இடத்திலும் சேஞ்ச் ஓவர் இருக்கிறதா என்று வாரியம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. ராடு வந்தது. இரண்டாவது கோரிக்கை, மின்சாரம் வாங்கும் விதிகளுக்குச் சம்பந்தமில்லாதது என்று திரும்பி வந்தது. சார் அதை வாசித்துவிட்டு வேர்க்கடலைத் தோலை ஊதித் தள்ளினார். எங்கள் கோட்டத்தில் மட்டும், அனுமதி இருக்கிறதோ இல்லையோ, மண்டபம் மண்டபமாகப் போய்ப் பார்த்தோம். அவர் மாற்றலாகிப் போனதும் அதுவும் நின்றுபோனது.

இந்த வரைவில் நான் தேடியது அந்த இரண்டாவது கோரிக்கையைத்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விற்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். நல்ல விதிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூரைக்குக் கூரை கரண்ட் முளைக்கப்போகிற இந்தக் காலத்தில், விண்ணப்பம் போடாதவர் அனுப்புகிற கரண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது.

எழுதுவதற்கு முன் ஏழுமலையைப் பார்த்துவிடலாம் என்று நேற்று பஸ் ஏறினேன். அவனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கம்பம் ஏற முடியாது என்பதால் சப்ஸ்டேஷனில் வேலை கொடுத்திருக்கிறார்கள். லைன் கிளியர் கொடுப்பது இப்போது அவன்தான். அவன் வார்த்தையை நம்பித்தான் மற்றவர்கள் ஏறுகிறார்கள்.

"வாங்க சார், குந்துங்க" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனைக் காட்டினான். "ஒரு நிமிசம், ஆளு லைன்ல நிக்கிறான்."

"லைன் கிளியர் குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன் சார். போன வெக்கல." புத்தகப்படி, கொடுத்த பிறகு அவனுக்கு அதில் வேலையில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

போனில் காற்றுச் சத்தம். யாரோ எதையோ தரையில் இழுக்கும் சத்தம். பிறகு எர்த் ராடின் இரும்புக் கொக்கி கம்பியில் விழுந்த சத்தம்: டங்.

"ஆச்சிண்ணா" என்றது ஒரு குரல்.

"ஒண்ணுதான்டா கேட்டுது" என்றான் ஏழுமலை.

அந்தக் குரல் இழுத்தது: "அந்தாண்ட சேகோவும் பூட்டிக்கிதுண்ணா, மண்டபமும் பூட்டிக்கிது..."

ஏழுமலை மடங்காத விரல்களை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

டங்.

"ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.